‘ஏனையவை’ என்ற கட்டத்துக்குள் கிடக்கும் விடை

ஆசிரியர் அவர்களுக்கு,

2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் புரட்டிப்போட்டுச் சில மாதங்களின் பின்னர், தொடர்பாடல் கற்கும் பல்கலைக்கழக மாணவி ஒருவர் வினாக்கொத்துடன் எங்கள் கிராமத்துக்கு வந்தார். எச்சரிக்கை எதன் வழியாக உங்களை வந்தடைந்தது என்ற கேள்விக்குக் கீழே தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, குறுஞ்செய்தி, ஏனையவை என ஐந்து கட்டங்கள் இருந்தன. நான் ஐந்தாவதில் அடையாளமிட்டேன். ஏனெனில், வாய்க்கால் ஓரம் மாடு பார்க்கப் போன பக்கத்துக் காணிக்காரர் நள்ளிரவில் படலையைத் தட்டி, “அண்ணை, தண்ணி மதகுக்கு மேலால வருது” என்று சொன்னதே எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. அயலில் பலரும் அதே கட்டத்தில்தான் அடையாளமிட்டார்கள். மாணவிக்குப் பட்டம் கிடைத்துவிட்டதாகப் பின்னர் அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த ஆய்வேட்டில் என்ன கண்டறியப்பட்டது என்பது எங்களுக்கும் தெரியாது, அடுத்த வெள்ளத்தில் எங்களை எச்சரிக்க வேண்டிய அலுவலர்களுக்கும் தெரியாது.

அந்த ‘ஏனையவை’யைப் பற்றித் தொடர்பாடல் துறை நெடுங்காலமாகப் பேசி வருகிறது. ஊடகங்களின் கருத்துகள் பலரிடம் நேரே போய்ச் சேராமல், ஊரில் மதிப்புள்ளவர்கள் வழியாகவே போகின்றன என்பதை, 1940 ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் நடத்திய ஆய்விலிருந்து சமூகவியலாளர் போல் லசார்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்தார்கள். எச்சரிக்கையைக் கேட்டவர் உடனே வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, அது உண்மைதானா, தனக்கும் உரியதா என்று இன்னொருவரிடம் விசாரித்த பின்னரே நகர்கிறார் என்பதை டெனிஸ் மிலெட்டி, ஜோன் சொரென்சன் ஆகியோர் 1990 இல் விரிவாகத் தொகுத்தார்கள். வங்காள தேசமோ, 1970 ஆம் ஆண்டுப் புயலில் இலட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த பின்னர், கொடியும் கையொலிபெருக்கியுமாக வீடுவீடாகச் செல்லும் தொண்டர் அணியை 1972 இலேயே அமைத்துக்கொண்டது. எங்களுக்கோ இன்னமும் ‘சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை’ என்றுதான் அறிவிக்கிறார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் அடங்கிய எங்கள் வன்னியில் தண்ணீரை மில்லிமீற்றரில் யாரும் எண்ணுவதில்லை. குளத்தில் எத்தனை அடி, வான்கதவு எத்தனை இஞ்சி திறந்திருக்கிறது, எந்தப் பாலத்துக்கு மேலால் ஓடும், எந்தப் பாதை இருட்டுவதற்கு முன் அடைபடும் என்பவையே இங்குள்ள கணக்கு. வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நில்லாமல் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள் என உலக வானிலை அமைப்பு 2015 இல் வழிகாட்டியதும் இதைத்தான். இன்னுமொன்று, மாடு. ‘மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்’ என்கிற அறிவித்தல் பட்டியில் நிற்கும் பத்துப் பசுக்களைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது, அவற்றின் சொந்தக்காரர் அவற்றோடுதான் நிற்பார். அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது எளிது. அவற்றை ஓட்டிச் செல்லக்கூடிய மேட்டுக்காணி எது என்று அறிவித்தலில் ஒரு வரி சேர்ப்பதுதான் பயன்.

ஆய்வேடுகளின் இறுதி அத்தியாயத்திலுள்ள பரிந்துரைகள் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. நான் பார்த்த ஒன்றிரண்டில் ‘விழிப்புணர்வு மேம்படுத்தப்பட வேண்டும்’ என்ற வாக்கியம் தவறாமல் இருந்தது. யார் மேம்படுத்துவது, எந்த நிதியில், எந்த மாதத்துக்குள் என்பது இல்லை. வான்கதவு திறப்பதற்கு முன் எந்த அலுவலர் எந்தக் கிராம அலுவலரையும் எந்தக் கமக்காரர் அமைப்புச் செயலாளரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும், கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டிய வாசகம் எது, மின்சாரம் நின்றால் யார் சைக்கிளில் போவது என்று எழுதினால்தான் பிரதேச செயலகத்தில் அதைக் கையில் எடுத்து நடத்த முடியும். அதே தாளில் அந்த முடிவு எங்கே பொருந்தாது என்பதும் இருக்க வேண்டும். குளத்தின் கீழுள்ள வயற்கிராமத்தில் கண்டதை, காற்றையும் கடலையும் பார்த்திருக்கும் முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

ஆகவே என் கோரிக்கை இது. வன்னி மக்களிடம் தரவு திரட்டும் ஒவ்வொரு தொடர்பாடல் ஆய்வும் இரண்டு பக்கத் தமிழ்ப் பரிந்துரை ஒன்றை உரிய பிரதேச செயலகத்துக்கும் தரவு தந்த கிராமத்துக்கும் வழங்கிய பின்னரே நிறைவுற்றதாகக் கொள்ளப்பட வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அது எடுத்துக்கொள்ளப்பட்டு, ஏற்றது எது, ஏற்காதது ஏன் என எழுத்தில் பதில் வர வேண்டும். விரிவுரையாளர்களின் பதவி உயர்வில் ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்காவது இதற்கும் கிடைக்காவிட்டால் எவரும் மெனக்கெடமாட்டார்கள். அவர்களை நோவதிலும் நியாயமில்லை. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சியிலேயே இயங்குகின்றன. தூரம் என்ற காரணத்தை இனி யாரும் சொல்ல முடியாது.

மழைக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர், நீர்ப்பாசன அலுவலர், கமநல சேவை அலுவலர், கிராம அலுவலர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அந்த மாணவியோ அவருடைய மேற்பார்வையாளரோ இந்தக் கடிதத்தைப் பார்த்தால், எங்கள் கூட்டத்துக்கு வந்து கண்டறிந்ததைத் தமிழில் கூறுமாறு அழைக்கிறேன். விதைப்புத் திகதி பற்றிய வாக்குவாதம் தொடங்குவதற்கு முன், நிகழ்ச்சி நிரலில் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கித் தருகிறோம்.

இங்ஙனம்,
கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர்,
கிளிநொச்சி.