மடிக்கணினியின் உள்நுழைவுத் திரையில் விசைப்பலகை வேலை செய்யாதபோது

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வீட்டிலுள்ள மடிக்கணினியில் கடவுச்சொல்லைச் சரியாக அடித்தும் உள்ளே போக முடியவில்லை என்று மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலர் கணினி ஆசிரியரிடம் கூறியுள்ளனர். அவர்களுள் ஓரிருவர் அதைக் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிட்டதால், செய்முறைத் தேர்வுக்கென எழுதி வைத்திருந்த கோப்புகள் முழுவதையும் இழந்து நிற்கின்றனர். பிள்ளைகளின் உழைப்பு இவ்வாறு வீணாகக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே சில நிமிடங்களில் சரிசெய்யக் கூடியவை.

எங்கள் மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் காரணம் விசைப்பலகையின் மொழி. பள்ளியில் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்யக் கற்பிக்கிறோம். பிள்ளைகள் வீட்டுக் கணினியிலும் அதைச் சேர்த்துக்கொள்கின்றனர். உள்நுழைவுத் திரை தமிழ் அமைப்போடு திறந்துவிட்டால், ‘எச்’ விசையை அழுத்தும்போது ‘க’வும் ‘ஜே’ விசையை அழுத்தும்போது ‘ப’வும் விழும். ஆனால் திரையில் தெரிவதெல்லாம் கரும்புள்ளிகள்தாம் என்பதால், எந்த எழுத்து விழுந்தது என்பது பிள்ளைக்கும் தெரியாது, அருகில் நிற்கும் உங்களுக்கும் தெரியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டாய் என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன், விண்டோஸ் 10, 11 கணினிகளில் திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். மொழியின் பெயர் மூன்றெழுத்துச் சுருக்கமாக அங்கே இருக்கும். அது தமிழைக் காட்டினால், விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் தோன்றும் கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால், அடித்த எழுத்துகளை அப்படியே படிக்கலாம். அருகில் பிறர் இல்லாதபோது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மொழி சரியாக இருந்தும் கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், கேப்ஸ் லாக் (ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கான விசை) விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். எண்களுக்கெனத் தனிப் பகுதி இல்லாத பழைய சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில், ‘நம் லாக்’ எனும் எண் பூட்டு விசை இயங்கிக்கொண்டிருந்தால் ‘யு’, ‘ஐ’, ‘ஓ’ விசைகள் 4, 5, 6 என்ற எண்களையே இடும். வலப்பக்க ஷிப்ட் விசையை எட்டு நொடிகள் அழுத்திப் பிடித்தால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி இயங்கத் தொடங்கிவிடும். அதன்பின் விரைவாகத் தட்டும் எழுத்துகளைக் கணினி பொருட்படுத்தாது. விசைப்பலகை செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்நிலையில்தான். உள்நுழைவுத் திரையின் கீழ் வலது மூலையிலுள்ள அணுகல் வசதிச் சின்னத்தைத் திறந்து (விண்டோஸ் 11இல் அது மனித உருவம் போல் இருக்கும்) ஃபில்டர் கீஸை நிறுத்திவிடலாம்.

அதே பட்டியலில் திரை விசைப்பலகையும் உண்டு. டச்பேடைக் கொண்டு அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கடவுச்சொல்லை இட்டுப் பாருங்கள். இவ்வழியில் உள்ளே போக முடிந்தால் கடவுச்சொல் சரி, பழுது விசைகளில்தான் என்பது உறுதியாகிவிடும். அப்போதே முக்கியக் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

எந்த விசையும் வேலை செய்யாவிட்டால், அணைத்துப் போடுவதைவிட, திரையிலுள்ள பவர் சின்னத்தின் வழியே ரீஸ்டார்ட் செய்வதே நல்லது. விரைவாகத் தொடங்கும் வசதி உள்ள கணினிகள் அணைக்கும்போது தம் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுமுறை அதையே எடுத்துக்கொள்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாக ஏற்றப்படும். அதற்கும் பலனில்லையேல், யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். தேநீரோ தண்ணீரோ சிந்தியிருந்தால் மட்டும் இவற்றுள் எதையும் முயல வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள்.

இத்தொல்லைக்கு அஞ்சிக் கடவுச்சொல்லையே எடுத்துவிடும் வீடுகளும் உண்டு. பிள்ளைகளின் மின்னஞ்சலும் படங்களும் அந்தக் கணினியில் இருப்பதால், அதை நான் ஏற்கவில்லை. உள்ளே நுழைந்தபின் அமைப்புகளில் மொழிப் பகுதியைத் திறந்து ஆங்கிலத்தை முதலிடத்துக்கு மாற்றுவதே சரியான வழி. தமிழ் 99 இரண்டாமிடத்தில் இருக்கட்டும், நீக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரியாகாத மடிக்கணினியைக் கடைக்கு அனுப்பும் முன், பள்ளி முடிந்தபின் கணினி ஆய்வகத்துக்குச் சார்ஜருடன் கொடுத்தனுப்புங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அதனுடன் வைக்க வேண்டாம். மாணவரே உடனிருந்து அடித்துக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்