மல்லாத்திப் போடச் சொல்லும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்

நாய்ப் பயிற்சியாளர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் வழங்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். கையேட்டின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. அட்டை மாறியிருக்கிறது, அந்தப் பக்கம் மாறவில்லை. உறுமும் நாயை மல்லாத்திப் போட்டு, அடங்கும்வரை கழுத்தை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் அப்படித்தான் செய்யுமாம். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதன் பூர்வீகம் உங்களுக்குத் தெரியாததல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்தபின், 1999இல் தானே திருத்தினார். காட்டில் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள், ஒரு குடும்பம். பணிகிற ஓநாய் பெரும்பாலும் தானாகவே மல்லாந்து படுக்கிறது, வேறொன்று அதைப் புரட்டிப் போடுவதால் அல்ல.

அப்படியே புரட்டினாலும், நாய் இன்றைய ஓநாயின் பிள்ளையல்ல. அதன் மூதாதை, இன்று எங்கும் காணக் கிடைக்காத பழைய ஓநாய்க் கூட்டமொன்று. ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் மனிதர்களோடு புதைக்கப்பட்டிருந்த நாய்க்குச் சுமார் 14,000 வயது. அதன் பற்களில், குட்டியாக இருந்தபோது வந்த டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோயின் வடு இருக்கிறது. யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாமல் அந்தக் குட்டி நோயோடு பல வாரம் பிழைத்திருக்காது என்கிறார்கள் ஆய்ந்தவர்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதி. நாய்களில் 4 முதல் 30 வரை எண்ணியிருக்கிறார்கள். வயிறே மாறிப்போன பிராணிக்கு ஓநாய்ச் சட்டம் எதற்கு?

அந்தப் பக்கத்தால் நடப்பதைப் பாருங்கள். தட்டருகே ஆள் வந்தால் குட்டி முதலில் விறைக்கும், வேகமாக விழுங்கும், கண்ணின் வெள்ளை தெரியும், பிறகுதான் உறுமும். அப்போது புரட்டி அழுத்தினால் பயம் போகாது, உறுமல்தான் போகும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் பதியும், பெரும்பாலும் குனிந்த முகத்தில். பிறகு ‘திடீரென்று கடித்தது’ என்று அந்த நாயையே கைவிடுகிறார்கள். திரைகளிலும் இதே வித்தையைத் திறமை என்று காட்டுகிறார்கள்; பத்து நிமிடம் அசையாமல் கிடக்கும் நாயை ‘திருந்திவிட்டது’ என்கிறார்கள். அது பயத்தில் உறைந்து கிடக்கிறது.

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்தருளுங்கள்.

காலியாகும் இடத்தில் இதைப் போடலாம்: நாய் விறைக்கும் தூரத்துக்கு இரண்டடி முன்பே நில்லுங்கள். தட்டில் உள்ளதைவிட ருசியான துண்டொன்றை எறிந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஆளைக் கண்டதும் உடல் தளர்ந்து வாலாட்டினால் மட்டும் அரையடி நெருங்குங்கள். மறுபடி விறைத்தால் பழைய தூரத்துக்கே போங்கள். தட்டில் கைவைக்க வேண்டாம்.

அடுத்த அச்சுக்கு முன் அந்தப் பக்கத்தை நீக்குங்கள். ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களுக்கும் ஒரு திருத்தக் கடிதம் அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாய்களோடு வேலை செய்பவர்கள்