செங்கோட்டை கீமேன் மறைவில் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

ஐப்பசியில் காலமான எங்கள் அப்பா, செங்கோட்டை மலை ரயில்பாதையில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்யும் ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர் கிளையின் மரண உதவி நிதிக்குக் கடைசிவரை கணக்கெழுதியவர். துஷ்டி கேட்க வந்த அனைவருக்கும் எங்கள் வணக்கமும் நன்றியும். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால், செய்த காரியத்தை வைத்தே நன்றி சொல்கிறோம். மற்ற ரயில்வே குடும்பங்களுக்கும் பயன்படும் என்று விவரங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி அப்பாவோடு பாதைப் பராமரிப்பு வேலை பார்த்த பழைய கேங் ஆட்களுக்கு. நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்ததும் அவர்கள்தான், பாடையைத் தோளில் சுமந்ததும் அவர்கள்தான். பதினாறாம் நாள் வந்திருந்த இளம் டிராக்மேன்களுக்கு அப்பாவின் வேலையை எடுத்துச் சொன்னதும் அவர்களே. 1904-ல் திறந்த மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை அது. 2010 செப்டம்பரில் நின்று, 2018-ல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. கீமேன் தன் பீட், அதாவது தனக்கு ஒதுக்கிய தூரம் முழுவதையும் தினமும் நடந்தே பார்க்க வேண்டும்; போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்புக் கொடிகளும், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்களும். வளைவுகளில் வண்டி போகிற அதிர்ச்சியில், தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கீ (ஆப்பு) தளரும். சுத்தியலால் தட்டினால் இறுகிய கீ கணீரென்னும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட்டைக் குளிர்மாதங்களில் கழற்றி கிராபைட் மசகு பூசாவிட்டால் இணைப்பு இறுகிப்போகும். சித்திரை வெயிலில் இரும்பு நீள இடமில்லாமல் பாதையே கோணிக்கொள்ளும். மலைப்பாதையில் இன்னொரு தொல்லை மழை. வெட்டுப்பள்ளத்தின் ஓரக் கால்வாயில் இலையும் மூங்கிலும் அடைத்தால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கி மண்ணைத் தள்ளிவிடும்.

தண்டவாளம் உடைந்திருந்தால் பழுதில் கை வைக்காதே, முதலில் வண்டியை நிறுத்து என்பது பாடம். மீட்டர்கேஜில் உடைந்த இடத்திலிருந்து 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. அகலப் பாதையில் அதுவே 600, 1200. ஒற்றைப் பாதை என்றால் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். எந்தப் பக்கத்து வண்டி முதலில் வருமோ அந்தப் பக்கம் முதலில். இதை வரிசை பிசகாமல் சொன்ன மேஸ்திரி ஐயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது!

தெருவில் குடியிருக்கும் செவிலியர் அக்கா இல்லாவிட்டால் கண்தானம் நடந்திருக்காது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்தார், தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினார், கண் வங்கிக்குத் தகவலும் சொன்னார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்புரை அறுவை செய்தவர் கண்ணையும் கொடுக்கலாம் என்பது எங்கள் உறவினர் பலருக்குத் தெரியவில்லை. வேலை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

துஷ்டி வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று கஞ்சியும் சுக்குக்காப்பியும் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பந்தலும் நாற்காலியும் தந்துவிட்டு வாடகை வாங்க மறுத்த தம்பிக்கும் நன்றி.

மரண உதவி நிதியின் வழக்கம் எளிது. உறுப்பினர் யாராவது இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தருவார்கள். வசூல் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை; இருப்பிலிருந்து அன்றைக்கே உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு வசூலித்து நிரப்புவார்கள். அப்பா எழுதிய நோட்டிலேயே அவர் பெயருக்கும் வரவு செலவு எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

காகித வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர் ஒருவர். இறப்பை 21 நாளுக்குள் நகராட்சியில் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. பதியும்போதே பென்ஷன் ஆணையில் உள்ள எழுத்துப்படி பெயரும் தலைப்பெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான இழுபறி அங்கேதான் தொடங்கும். இறந்த நாளுக்குப் பிந்தைய நாட்களுக்காகக் கணக்கில் ஏறிய பென்ஷனை எடுக்கக்கூடாது, வங்கி திரும்பப் பிடிக்கும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு இருந்ததால், குடும்ப பென்ஷனுக்கு ஒரு கடிதம், இறப்புச் சான்று, பென்ஷன் ஆணை நகல், வயதுச் சான்று, உறுதிமொழி ஆகியவையே போதும். வங்கியில் குடும்ப பென்ஷன் விண்ணப்பமான பதினான்காம் எண் படிவமும் கேட்டார்கள். எழுத்தர் பொறுமையாக விதியைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். அப்பா 67 வயதைக் கடந்தவர் என்பதால் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் அம்மாவுக்கு வரும். நவம்பரில் இனி அம்மாதான் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதையும் நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

யாரையேனும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். பதினாறாம் நாள் பந்தியில் மாறிப்போன பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குடும்பத்தார்,
செங்கோட்டை.