கணையக் கட்டிக்கு எந்த எலி? நிதிக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புற்றுநோய் மருந்து ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் மதிப்பீட்டுக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கணையப் புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள் கொண்டுசேர்க்கும் ஆய்வுத் திட்டங்கள் உங்கள் மேசைக்குத் தொடர்ந்து வருகின்றன. லிப்போசோம், மைசெல், ஆன்டிபாடி ஒட்டிய நானோ துகள் என்று மருந்தைச் சுமக்கும் பொருள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சோதிக்கும் முறையைச் சொல்லும் பத்தி மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். ஆறு முதல் எட்டு வார வயதுள்ள நூட் எலி (நோயெதிர்ப்பு குறைந்த, முடியற்ற எலி), விலாத் தோலுக்கு அடியில் மனிதப் புற்று செல்களை ஊசியால் ஏற்றுவது, கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும் சிகிச்சை, காலிப்பர் வைத்து அளவு. இந்தப் பத்தியைக் கேள்வி கேட்காமல் கடந்துபோகாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நோயாளியின் உடம்பில் இருக்கும் கட்டியை முதலில் பார்ப்போம். கணைய நாளங்களில் தொடங்கும் வகைதான் மிகப் பெரும்பாலோருக்கு வருகிறது. அறுவை சிகிச்சையில் எடுத்த அந்தத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தால், புற்று செல்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கட்டியின் பெரும்பகுதி ஸ்ட்ரோமா, அதாவது கொலாஜன், ஹையலுரோனிக் அமிலம், நார் செல்கள், நோயெதிர்ப்பு செல்கள் எல்லாம் சேர்ந்து இறுகிய திசு. ரத்தக் குழாய்கள் குறைவு, இருப்பவற்றிலும் பல நசுங்கிக் கிடக்கும். சிரை வழியே ஏற்றிய மருந்து இத்தனையும் தாண்டித்தான் புற்று செல்லைத் தொட வேண்டும். இந்தத் தடையைக் கடப்பதுதான் நமது ஆய்வின் முழுப் பொருளும்.

எலியின் விலாவில் சில வாரங்களில் கிடுகிடுவென வளரும் கட்டியில் அந்தத் தடை பெரும்பாலும் இருப்பதில்லை. அதன் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் முளைத்தவை, சுவரில் இடைவெளி நிறைந்தவை. நானோ துகள் அவற்றின் வழியே கசிந்து உள்ளே தங்கிவிடும். மட்சுமுராவும் மயேதாவும் 1986-ல் விவரித்த இந்தக் கசிவை நம்பித்தான் இத்துறையின் பாதி வளர்ந்தது. இத்தனைக்கும் 2016-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, எலிக்கு ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதமே என்று காட்டியது. சாதகமான எலிகளிலேயே நிலைமை இதுதான். அளவையும் பாருங்கள். 20 கிராம் எலியில் 1 கிராம் கட்டி என்றால் உடல் எடையில் 5 சதவீதம். 70 கிலோ மனிதருக்கு அது மூன்றரைக் கிலோ. அவ்வளவு பெரிய கணையக் கட்டியோடு எந்த நோயாளியும் வருவதில்லை.

எந்தச் செல்வரிசையை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் எந்தப் புற்று செல் வகையை எடுப்பது என்பதிலும் இதே கவனக்குறைவு. மியாபாக்கா-2 செல்கள் எலியில் கட்டியாகும்போது ஸ்ட்ரோமா சொற்பமாகவே உருவாகிறது. பிஎக்ஸ்பிசி-3 கட்டியில் ஸ்ட்ரோமா ஓரளவு உண்டு, ஆனால் அதில் புற்றைத் தூண்டும் கேராஸ் மரபணு மாற்றம் இல்லை. நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அந்த மாற்றம் இருக்கிறது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். தோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2011-ல் செய்ததை எனக்கு மிகவும் பிடிக்கும். 30 முதல் 100 நானோமீட்டர் வரை வெவ்வேறு அளவில் மைசெல்களைச் செய்து, எளிதில் கசியும் பெருங்குடல் கட்டியிலும் கசியாத பிஎக்ஸ்பிசி-3 கணையக் கட்டியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் கட்டியில் எல்லா அளவும் உள்ளே போயின. கணையக் கட்டிக்குள் 30 நானோமீட்டர் மைசெல் மட்டுமே ஊடுருவி வேலை செய்தது. முதல் கட்டியை மட்டும் வைத்து ஆய்வை முடித்திருந்தால், அளவு ஒரு பொருட்டே இல்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள்.

அடுத்து, கேபிசி எலி. ஹிங்கோரானியும் சகாக்களும் 2005-ல் உருவாக்கியது. கேராஸ், புற்றைத் தடுக்கும் பி53 ஆகிய இரண்டு மரபணுக்களிலும் மாற்றம் செய்து, அது கணையத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். புற்று அங்கேயே தானாகத் தோன்றி, ஸ்ட்ரோமாவோடு வளர்ந்து, கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும். நோயெதிர்ப்பு மண்டலம் முழுமையாக இருக்கும் எலி இது. 2009-ல் ஆலிவ், டுவேசன் முதலானோர் இந்த எலியை வைத்துச் செய்த ஆய்வை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். மாற்றிப் பொருத்திய கட்டிகள் ஜெம்சிடபின் என்ற வழக்கமான கணையப் புற்று மருந்துக்குக் கட்டுப்பட்டன. கேபிசி எலியில் தானாக வளர்ந்த கட்டிகளில் பெரும்பாலானவை அசையவே இல்லை. முக்கியக் காரணம் ரத்த ஓட்டம், மருந்து கட்டிக்குள் சரியாகப் போய்ச்சேரவே இல்லை. மருத்துவமனையில் ஜெம்சிடபின் ஏன் அவ்வளவு குறைவாக உதவுகிறது என்பதற்கு ஒரு விளக்கத்தை முதல்முறையாக ஒரு எலி கொடுத்தது.

சரி, அப்படியானால் எல்லோரும் கேபிசிக்கு மாறிவிட்டால் போதுமா? போதாது. அதே ஆய்வில் ஹெட்ஜ்ஹாக் என்ற செல் சமிக்ஞையைத் தடுக்கும் ஐபிஐ-926 மருந்தைச் சேர்த்தபோது ஸ்ட்ரோமா குறைந்தது, ரத்தக் குழாய்கள் பெருகின, ஜெம்சிடபின் உள்ளே போனது, எலிகளின் இடைநிலை ஆயுள் 11 நாளிலிருந்து 25 நாளாக உயர்ந்தது. நம்பிக்கையோடு மனிதர்களிடம் சோதித்தார்கள். 2012 ஜனவரியில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. புதிய மருந்தைச் சேர்த்துப் பெற்றவர்கள் ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களைவிட முன்னதாகவே இறந்துகொண்டிருந்தார்கள். காரணத்தின் ஒரு பகுதி 2014-ல் இரண்டு குழுக்களின் எலி ஆய்வுகளில் தெரிந்தது. ஸ்ட்ரோமாவை நீண்ட காலத்துக்கு இல்லாமல் செய்தால் கட்டி மேலும் மூர்க்கமாகிறது. ஸ்ட்ரோமா மருந்தைத் தடுக்கிறது, கூடவே புற்றையும் கொஞ்சம் கட்டிவைக்கிறது. சில வார ஆய்வில் முதல் பாதி தெரிந்தது, இரண்டாம் பாதி தெரியவில்லை.

இதே பாதையில் இன்னொரு மருந்தும் போனது. ஹையலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் பெக்பிஎச்20 என்ற நொதி கேபிசி எலிகளில் நசுங்கிய ரத்தக் குழாய்களைத் திறந்து, ஜெம்சிடபினோடு சேர்ந்து ஆயுளைக் கூட்டியது. கட்டியில் அந்த அமிலம் மிகுந்திருந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. 2019-ல் முடிவு வந்தது: நொதி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. எலியில் ஒப்பிட்டது ஜெம்சிடபின் தனியாக. நோயாளிகள் அதற்குள் நாப்-பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு மருந்தும் ஜெம்சிடபினும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள்.

இவற்றைச் சொல்வது கேபிசி எலியைக் குறை கூற அல்ல. ஜெம்சிடபின் உள்ளே போகிறதா என்று கேட்டபோது அது சரியாகவே பதில் சொன்னது. உள்ளே போனால் நோயாளி அதிக நாள் வாழ்வாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கியது நாம்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இது. திட்டம் எழுதுபவர் ஒற்றை வாக்கியத்தில் தன் கேள்வியைச் சொல்லட்டும், அந்தக் கேள்விக்குத் தான் தேர்ந்தெடுத்த எலியோ செல்லோ ஏன் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று அதற்கடுத்து எழுதட்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது மட்டுமே கேள்வி என்றால் சாதாரண எலியே போதும், கட்டியே வேண்டாம். குறிப்பிட்ட நோயாளியின் செல்கள் எந்த மருந்துக்கு மடியும் என்றால் ஆர்கனாய்டு, அதாவது அந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உருவாக்கும் சிறு திசு உருண்டை நல்லது. ஆனால் அதில் ரத்தக் குழாய் இல்லை, எனவே மருந்து போய்ச்சேர்வதைப் பற்றி அது அதிகம் பேச முடியாது. நோயாளியின் கட்டித் துண்டை எலியில் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எலியிலிருந்து எலிக்குச் சில முறை மாற்றுவதற்குள் மனித ஸ்ட்ரோமா போய் எலியின் ஸ்ட்ரோமா வந்துவிடும். மனித நார் செல்லைக் குறிவைக்கும் ஆன்டிபாடியை அங்கே சோதிப்பது வீண்.

கட்டியின் கொள்ளளவு சுருங்கியதை மட்டும் காட்டி, மருந்து போய்ச்சேர்ந்தது என்று சொல்வதை ஏற்காதீர்கள். கட்டியில் மருந்தையே அளக்கச் சொல்லுங்கள். துகளில் இன்னும் அடைபட்டிருப்பது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு, ரத்தக் குழாயை ஒட்டி நின்றுவிட்டதா, புற்று செல் வரை போனதா? மனிதர்களிடமே இதை அளந்திருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சை நடக்கும்போதே ஜெம்சிடபின் ஏற்றி, எடுத்த கட்டியின் டிஎன்ஏவில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஸ்ட்ரோமா கூடிய கட்டிகளில் குறைவாக இருந்தது. மனிதரிடம் செய்ய முடிந்த அளவீட்டை எலியில் செய்யாமல் விடுவதற்குச் சமாதானம் கிடையாது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்பு நீர் போதாது. இன்று நோயாளிக்கு உண்மையில் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை அங்கே இருக்க வேண்டும். எலியின் கட்டித் திசுப் படத்துக்குப் பக்கத்தில் மனிதக் கணையக் கட்டியின் படத்தையும் வைக்கச் சொல்லுங்கள், கொலாஜனும் ரத்தக் குழாய் அடர்த்தியும் எண்ணிக் காட்டப்படட்டும். சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. இத்தகைய வங்கிகளில் கணையத் திசு சேகரிப்புக்குத் தனி நிதி கொடுத்தால் பல ஆய்வகங்கள் பயன்பெறும்.

செலவு எனக்கும் தெரியும். கேபிசி எலிக்கு கேராஸ், பி53, அவற்றைக் கணையத்தில் விழிக்கவைக்கும் மரபணு என மூன்று மாற்றங்களும் ஒன்றுசேர வேண்டும், வழக்கமான இனக்கலப்பில் சராசரியாக எட்டுக் குட்டிக்கு ஒன்றுதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் கட்டி வெவ்வேறு வயதில் வரும், அல்ட்ராசவுண்ட் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. சிறிய கல்லூரி ஆய்வகம் இதைத் தனியாகச் சுமக்க இயலாது, அதற்காக அந்த மாணவரின் திட்டத்தை நிராகரிப்பதும் நியாயமில்லை. ஒரு நடுவழி உண்டு. கேபிசி கட்டியிலிருந்து எடுத்த செல்களை, நோயெதிர்ப்பு குறையாத அதே இன எலியின் கணையத்திலேயே வைப்பது. கட்டி வேகமாக வளர்ந்துவிடும் குறை இதிலும் இருக்கிறது, என்றாலும் விலாக் கட்டியைவிட எவ்வளவோ மேல். முதல் கட்டத்துக்கு இதை ஏற்கலாம். நோயாளிக்குப் பயன் என்று உரிமை கோரும் கட்டத்தில் தானாகத் தோன்றும் கட்டியைக் கேட்கலாம். அதற்காக மண்டலத்துக்கு ஒரு பொது எலிக் கூடத்தை, கால்நடை மருத்துவரோடும் அல்ட்ராசவுண்ட் கருவியோடும் நீங்கள் நிறுவித் தர வேண்டும். பத்து ஆய்வகங்கள் தனித்தனியே வாங்கும் நூட் எலிகளுக்கான பணத்தில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பலாம்.

விதிகளும் இப்போது இடம் கொடுக்கின்றன. புதிய மருந்துகள் தொடர்பான இந்திய விதிகளில் 2023-ல் வந்த திருத்தம் மனித ஆர்கனாய்டு, உறுப்புச் சில்லு (உறுப்பின் செல்களை வளர்க்கும் சிறு கருவி) போன்ற முறைகளையும் ஏற்கிறது. அமெரிக்காவில் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய சட்டம் 2022 டிசம்பரிலேயே மாறிவிட்டது. பழைய பத்தியையே நகலெடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அப்புறம் கடைசியாக ஒன்று. துகள் உள்ளே போகவில்லை, எலி பிழைக்கவில்லை என்று முடியும் ஆய்வுகளின் எண்களையும் பொதுவில் வைப்பதை நிதியின் நிபந்தனையாக்குங்கள். அடுத்த சுற்று விண்ணப்ப அறிவிப்பிலேயே இதைச் சேர்க்க முடியும்.

நன்றியுடன்,
மருந்து கொண்டுசேர்க்கும் துறையில் பணிபுரியும் ஓர் ஆய்வாளர்