ஹெச்.சி.ஐ. எடுத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எலெக்டிவாக ஹெச்.சி.ஐ., அதாவது மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்கும் பாடம், எடுத்திருக்கிறாய் என்று சித்தி சொன்னார். "ஸ்கோரிங் பேப்பர், கணக்கே கிடையாது" என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னார். கணக்கு கிடையாது என்று யார் சொன்னது? 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கண்டுசொன்ன விதியில் லாகரிதம் இருக்கிறது. இலக்கு சின்னதாகவும் தள்ளியும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும், அவ்வளவுதான் சங்கதி, ஒரு ராத்திரியில் படித்துவிடலாம். ராத்திரியில் படிக்க முடியாத ஒன்று இதில் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் இதே பாடம் படித்தபோது எங்கள் புராஜெக்ட்டுக்கு பஸ் பாஸ் விண்ணப்பிக்கும் செயலி ஒன்று செய்தோம். எல்லாத் திரையும் தமிழில், அதில் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள் என்று மேடம் சொன்னதால் காலேஜ் வாசல் டீக்கடை அண்ணனிடம் போனை நீட்டினோம். பெயர் அடித்தார், பிறந்த தேதியை நாமெல்லாம் காகிதத்தில் எழுதுவதுபோல் புள்ளி வைத்து அடித்தார், கடைசியில் இருந்த "சமர்ப்பி" பொத்தானைப் பார்த்துவிட்டு "யாருக்குப்பா சமர்ப்பிக்கணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுத்தினார். "செல்லாத உள்ளீடு" என்று சிவப்பில் வந்தது, ஏனென்றால் சாய்கோடு போட்ட தேதியைத்தான் ஏற்கும்படி நான் எழுதியிருந்தேன். அழித்துவிட்டு மறுபடி அதே புள்ளி, மறுபடி அதே சிவப்பு. மூன்றாவது தடவை போனைத் துண்டில் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "எனக்குப் படிப்பு பத்தாது தம்பி" என்றார்.

என் தப்புக்கு அவர் வருத்தம் தெரிவிக்கிறார்! சிரிப்பெல்லாம் போய்விட்டது.

படிப்பு பத்தாததால் வந்த வினை இல்லை அது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், அவர்களே பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடலை (ஃபிளாப்) மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டு, விமானம் வயிற்றில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். விமானியின் பிழை என்று எழுதி ஃபைலை மூடிக்கொண்டிருந்தார்கள். 1943-ல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தால், இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி. சக்கரத்துக்கான சுவிட்சில் குட்டி ரப்பர் சக்கரம், மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டு, இதைத்தான் ஒட்டினார். பிரச்சினை தீர்ந்தது. இன்றைக்கும் விமானங்களில் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

பாடத்தில் இதை இரண்டு மார்க் கேள்வியாக்கிவிடுவார்கள். அதைவிடக் கஷ்டம், ஒருவர் உன் திரையின் முன்னால் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "அண்ணே, சாய்கோடு போடுங்க" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவர் முடித்திருப்பார், நாங்களும் சோதனை வெற்றி என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்போம். உன் செயலியைச் சோதிக்க வருபவர்களிடம், தங்கள் மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல், அது போதும். ஆளும் நிறைய வேண்டாம், ஐந்து பேரை வைத்தே பெரும்பாலான கோளாறுகளைப் பிடித்துவிடலாம் என்கிறார் இந்தத் துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன். இதை மறுப்பவர்களும் உண்டு, ஆனால் உங்கள் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஐந்து பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த ஐந்து பேரும் உன் ஹாஸ்டல் நண்பர்களாக மட்டும் இருக்க வேண்டாம்.

அப்புறம், நாங்கள் "சமர்ப்பி"யை எடுத்துவிட்டு "அனுப்பு" என்று வைத்தோம். தேதியை எப்படி அடித்தாலும் வாங்கிக்கொள்ளும்படி மாற்ற எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் அண்ணன் கடையில் கூட்டம், அவரிடம் திரும்பக் காட்டவே இல்லை, அது இன்னும் உறுத்துகிறது.

உன் முதல் திரைகளைக் காகிதத்தில் வரைந்தாவது வை, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சித்தியிடம் கொடுத்துப் பார்ப்போம். நீ பேசாமல் இருக்கிறாயா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்