பேத்தி கேட்ட கேள்விக்கு

அன்பு மகளுக்கு,

பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் கேட்ட கேள்வியை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். நீயே கேட்டிருக்கலாம். சரி, பரவாயில்லை. பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும். இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள்.

நம் நாட்டுக்கு ஏன் இரண்டு பெயர் என்கிறாள். இரண்டில்லை, நிறைய உண்டு என்று சொல். பூட்டான் என்பது வெளியார் அழைக்கும் பெயர். திபெத்தியர்கள் ‘தெற்கு மோன்’ என்ற பொருளில் லோ மோன் என்றார்கள்; மோன் என்பது தெற்கு எல்லைப் பகுதிகளுக்கு அவர்கள் வைத்த பெயர். மூலிகை மிகுந்த நாடு என்பதால் மென்ஜோங்; பாட்டி அப்படித்தான் சொல்வாள். நாம் சொல்வது ட்ருக் யுல். 12ஆம் நூற்றாண்டில் சாங்பா கியாரே திபெத்தில் மடம் கட்டப் போன இடத்தில் இடி முழங்கியதாம். அதை டிராகனின் குரலாக எடுத்துக்கொண்டு மடத்துக்கு ட்ருக், அதாவது டிராகன், என்று பெயர் வைத்தார். மடத்தின் பெயர் அவருடைய புத்த மரபுக்கு வந்து, அப்புறம்தான் நாட்டுக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ஷப்துருங் ஙவாங் நம்கியால் என்ற திபெத்திய லாமா. திபெத்தின் ராலுங் மடத்தில், மரபின் முந்தைய தலைவருடைய மறுபிறவி யார் என்று தகராறு வந்ததால், 1616இல் ஊரை விட்டுத் தெற்கே வந்தார். வந்தவர்தான் இந்தப் பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கினார். ஊரை விட்டுப் போவதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீ நர்ஸ் பரீட்சை எழுதி வென்றதை இந்தத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. ஆனால் ஒரு போன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

ஷப்துருங் 1651இல் புனாகா ஜோங் என்ற கோட்டை மடத்தில் தனித்தவத்தில் இருந்தபோது காலமானார். 50 ஆண்டுகளுக்கு மேல் அதை மறைத்தார்கள். தவத்தில் இருக்கிறார் என்றே சொன்னார்கள். அவர் பெயரிலேயே ஆணைகள் போயின. நாடு சிதறிவிடும் என்ற பயம்.

இந்த இடத்தில் எனக்கு எழுத ஓடவில்லை. பாட்டி தூங்குகிறாள், பாட்டி கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று ஏழு வாரம் உன்னிடம் சொன்னேன். பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. அந்த வார்த்தையை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 49ஆம் நாள் காரியமும் நீ இல்லாமல் நடந்தது. மேட்டில் பாட்டிக்கான 108 பிரார்த்தனைக் கொடிகளையும் நான் நட்டேன். ஒன்றையாவது உன் கை தொட்டிருக்க வேண்டும். அந்த நாளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்தான். தப்பு என்னுடையது, மகளே.

மென்ஜோங் என்ற பெயரையும் பேத்தியை எழுதச் சொல். உனக்கென்று பாட்டி கூரையில் உலர்த்தி எடுத்துவைத்த மிளகாய் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை.

காதை மூடிக்கொள்.

அப்பா