வன்னியின் கணினி ஆசிரியர்களுக்கு: மாணவர்கள் ஒரு மர்ம விளையாட்டு ஆக்கட்டும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு ஒரு செயற்திட்டம் கேட்டு எழுதுகிறோம்: துப்புத் துலக்கும் கதை விளையாட்டு.

2015இல் சாம் பார்லோ வெளியிட்ட ‘ஹெர் ஸ்டோரி’ என்ற விளையாட்டில் இருப்பது ஒரு தேடற்பெட்டியும் பொலிஸ் விசாரணைக் காணொளித் துண்டுகளும்தான். ஒரு சொல் எத்தனை துண்டுகளில் வந்தாலும், நேர வரிசையில் முதல் ஐந்துதான் திறக்கும். மிச்சத்தைப் பார்க்க அடுத்த சொல்லை விளையாடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். 2018இல் லூகஸ் போப் ஆக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்’, கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கேட்கும். மும்மூன்று பேராகச் சரி வந்தால்தான் உறுதிசெய்யும். குருட்டு ஊகம் எடுபடாது. சிதறிக் கிடப்பதைத் தானே கோத்துக் கண்ட கதை மனதை விட்டுப் போகாது.

‘ஹெர் ஸ்டோரி’ வகையைப் பாடத்திட்டத்திலுள்ள பைதன் நிரல்மொழியிலேயே செய்யலாம். காணொளி வேண்டாம், எழுத்துப் போதும். சிறுபோகத்தின் நடுவே ஓரிரவு குளத்தின் துருசை யாரோ திறந்துவிட்டார் என்று வையுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு, நீர்ப் பங்கீட்டு அட்டவணை, கடைக் கடன் கொப்பி, கடிதம் என 40 துண்டுகள். அவற்றுக்கு முன், உண்மையில் நடந்ததை நேர வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டும். ஆக்குபவருக்கே விடை தெரியாவிட்டால் துண்டுகள் முரண்படும். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று துப்பாவது வெவ்வேறு துண்டுகளில் இருக்கட்டும். ஒன்றே என்றால் அதைத் தவறவிட்டவர் அங்கேயே நின்றுவிடுவார்.

சிக்கல் தமிழ்த் தேடலில்தான். ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’, ‘குளத்துக்கு’ அகப்படாது. ‘குள’ என்று வெட்டித் தேடினால் ‘குளவி’யும் வந்து விழும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் குறிச்சொற்களைக் கையால் எழுதி, தேடலை அந்தப் பட்டியலில் ஓட்டச் சொல்லுங்கள். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது: ‘கொ’வின் கொம்பும் காலும் கணினியின் எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் ஒரே குறியாகவும் வரும், இரண்டாகவும் வரும். திரையில் ஒன்றுபோல இருக்கும், தேடல் மட்டும் வெறுங்கையோடு திரும்பும். துண்டுகள், குறிச்சொற்கள், தேடுசொல் எல்லாவற்றையும் பைதனின் ‘யுனிகோட்டேட்டா’ தொகுதியால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் தீரும்.

படங்களும் வேண்டுமென்றால் கோடோ என்ற விளையாட்டு ஆக்கும் மென்பொருள் இலவசம். 4ஆம் பதிப்புக்கு முந்தியதை எடுக்க வேண்டாம். 3இல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

முடிந்ததும், குழுவில் இல்லாத ஒருவரை விளையாட விட்டு, ஆக்கியவர்கள் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர் தட்டும் சொற்களை ஒரு கோப்பில் பதிய நிரல் எழுதுங்கள். பட்டியலில் விடுபட்ட குறிச்சொற்கள் அதில் தெரியும்.

மூவருக்கு ஒரு கணினி, ஒரு தவணை போதும். பைதன் ஏற்றியிருந்தால் இணையமும் தேவையில்லை. நிரலுக்குக் கொடுக்கும் புள்ளியில் பாதியாவது அந்த ஒரு பக்க நிகழ்வு வரிசைக்கும் கொடுங்கள்.

இங்ஙனம்,
வன்னியில் கணினி விளையாட்டு ஆக்குவோர் சிலர்